உடைசல் மக்ரூன், அரை கிலோ

இந்த மக்ரூன் கடையின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதலாம் என்றுதான் போன வாரம் கடைக்காரரிடம் கேட்டேன். "தாராளமா எழுதுங்க அண்ணாச்சி, பேரை மட்டும் போட்டுராதிய" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். போன கிறிஸ்துமஸுக்கு ஒரு பையன் வந்து வீடியோ எடுத்துப் போட்டானாம். மறுநாளே காரில் வந்து இறங்கியவர்கள் ஆளுக்கு ஐந்து கிலோ கேட்டிருக்கிறார்கள். வருடக்கணக்காக வாங்குகிற தெருக்காரர்களிடம் இல்லை என்று கைவிரிக்க வேண்டியதாகிவிட்டது. இருப்பது ஒரே அடுப்பு. வேலைக்கு அவர், அவர் மனைவி, நாசரேத்துப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன், ஆக மூன்று பேர். அவர் பயம் எனக்குப் புரிந்தது.

அடையாளம் சொல்கிறேன், தேடுகிறவர்கள் தேடிக்கொள்ளுங்கள். தூத்துக்குடியில், பனிமய மாதா கோவிலிலிருந்து நடந்தால் பத்து நிமிடத்துக்குள். நீலப் பெயர்ப்பலகை வெயிலில் மங்கிப்போய்க் கடைசியில் 'ரி' என்ற எழுத்து மட்டும்தான் தெரியும். சாயங்காலம் நாலு மணிக்கு அந்தச் சந்துக்குள் நுழைந்தால் பலகையே வேண்டாம், மூக்கு கூட்டிக்கொண்டு போய்விடும்.

நான் ஆர்.எம்.எஸ்.காரன். ரயில்வே மெயில் சர்வீஸ். இப்போது இருக்கிற பிள்ளைகளுக்கு அது என்னவென்றே தெரியாது. அப்போதெல்லாம் ரயிலில் தபாலுக்கென்று ஒரு பெட்டி, அதற்குள் நின்றுகொண்டு ராத்திரி முழுக்கக் கடிதம் பிரிக்கிற வேலை. 1979இல் சேர்ந்தேன், 2017இல் ஓய்வு பெற்றேன். அந்த 38 வருடத்தில் டிசம்பர் மாதத்து நாலு மணி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் ஒன்று தூங்கிக்கொண்டிருப்பேன், இல்லையென்றால் டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருப்பேன். இப்போது நாலு மணி முழுக்க என்னுடையது. அந்த நாலு மணியை இந்தக் கடையில்தான் செலவழிக்கிறேன். அப்படிப்பட்டவன் எழுதுவது என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. மால்களில் ரோஸ், பச்சை, ஊதா என்று கலர் கலராக, இரண்டு வில்லைக்கு நடுவே கிரீம் வைத்து விற்கிறார்களே, அது வேறு. எங்கள் மக்ரூன் வெள்ளையும் இல்லாமல் பழுப்பும் இல்லாமல், பழைய பருத்தி வேட்டி நிறத்தில், சின்னக் கோபுரம் மாதிரி இருக்கும். சரக்கு மூன்றே மூன்று: முட்டையின் வெள்ளைக்கரு, சீனி, முந்திரி. மாவு கிடையாது, வெண்ணெய் கிடையாது, ஏலக்காய்கூடக் கிடையாது. ஐரோப்பாவில் பாதாமில் செய்வார்கள், இங்கே முந்திரி. அந்த முந்திரி மரத்தையே பிரேசிலிலிருந்து கொண்டுவந்தவர்கள் போர்ச்சுக்கீசியர். 1530களில் இந்த முத்துக்குளித்துறைக்கு வந்த அவர்கள்தான் மக்ரூனையும் விட்டுவிட்டுப் போனார்கள் என்று ஊரில் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் பாதாமைத் தள்ளிவிட்டு முந்திரியைப் போட்டுப் பார்க்கலாமே என்று முதலில் யாருக்குத் தோன்றியதோ, அந்த ஆளுக்கு இங்கே சிலை இல்லை. குடிதண்ணீர் கொண்டுவந்த குரூஸ் பர்னாந்துக்குச் சிலை இருக்கிறது, நியாயம். பக்கத்திலேயே இன்னொரு பீடம் கட்டலாம் என்பது என் கட்சி.

இந்தக் கடையில் பழகிவிட்டால் பின்கட்டில் ஒரு முக்காலி போட்டு உட்கார வைப்பார்கள். எனக்கு அந்த முக்காலி கிடைக்க இரண்டு வருடம் ஆயிற்று. அங்கே உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

மதியம் மூன்று மணிக்கு முட்டை உடைக்க ஆரம்பிப்பார்கள். கடைக்காரர் மனைவிதான் உடைப்பார். ஒரு கையில் முட்டை, விளிம்பில் ஒரு தட்டு, ஓட்டின் ஒரு பாதியிலிருந்து மறுபாதிக்கு மஞ்சள் கருவை மாற்றிக்கொண்டே இருக்க, வெள்ளை மட்டும் நழுவிக் கிண்ணத்தில் விழும். முதலில் சின்னக் கிண்ணம், அதில் பார்த்துவிட்டு அப்புறம்தான் பெரிய சட்டி. காரணம் கேட்டேன். மஞ்சள் கரு ஒரு சொட்டு கலந்துவிட்டால் வெள்ளை நுரைக்காது, ஒரு முட்டை கெட்டால் அந்த முட்டையோடு போகட்டும், சட்டியோடு போகக்கூடாது என்றார். சட்டியில் ஈரமோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தாலும் இதே கதைதான். அதனால் அந்தச் சட்டியை வேறு எதற்கும் எடுக்க மாட்டார்கள்.

அடிப்பதற்கு இப்போது மெஷின் வந்துவிட்டது. சீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுவார்கள். முதலில் சோப்பு நுரை மாதிரி இருப்பது போகப்போக இறுகிப் பளபளப்பாகி, மெஷினின் கம்பியை வெளியே இழுத்தால் கொக்கின் மூக்கு மாதிரி நிற்கும். பதம் வந்துவிட்டதா என்று பார்க்கச் சட்டியைக் கவிழ்ப்பார்கள், விழக்கூடாது. கடைக்காரரின் அப்பா காலத்தில் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பையனின் தலைக்கு மேல்தான் கவிழ்ப்பாராம். "எனக்கு ரெண்டு தடவை விழுந்திருக்கு அண்ணாச்சி" என்றார். சொந்த மகனுக்கே அந்தக் கதி.

முந்திரியை மாவாக அரைப்பதில்லை, ரவைப் பதம். இதைக் கலக்கும்போது மட்டும் மெஷினை நிறுத்திவிட்டுக் கையை விடுகிறார். கீழேயிருந்து மேலே, கீழேயிருந்து மேலே, பிள்ளையைத் தூக்கித் தோளில் போடுகிற மாதிரி நாலைந்து முறை, அவ்வளவுதான். அப்புறம் தாளைக் கூம்பாகச் சுருட்டி அதற்குள் அள்ளி வைத்து, முனையை வெட்டி, தாள் விரித்த தகட்டில் ஒரு அமுக்கு, ஒரு தூக்கு. நான் எண்ணிப் பார்த்தேன், ஒரு நிமிடத்துக்கு ஐம்பதுக்குக் குறையவில்லை. எல்லாம் ஒரே உயரம். 38 வருடம் கடிதம் பிரித்தவன் நான். கை ஓடுகிற வேகத்தைக் கண்டால் எனக்கு ஒரு மரியாதை வந்துவிடும்.

அடுப்புதான் இந்தக் கடையின் சொத்து. விறகு அடுப்பு. பகலெல்லாம் பன்னும் ரொட்டியும் வேகிற சூட்டில் மக்ரூன் வைத்தால் கருகிவிடும். கடைசி ரொட்டி வெளியே வந்த பிறகு தணலை இழுத்துப் போட்டு, ஈரச்சாக்கால் தளத்தைத் துடைத்து, கொஞ்ச நேரம் ஆறவிடுவார். அப்புறம் ஒரு துண்டுத் தாளை உள்ளே எறிவார். உடனே பழுப்பேறினால் காத்திருக்க வேண்டும். மெதுவாக மஞ்சளானால் தகடுகள் உள்ளே போகும், கதவு அடைபடும். ராத்திரி முழுக்க அந்த மிச்சச் சூட்டில் மக்ரூன் வேகிறது என்பதைவிடக் காய்கிறது என்று சொல்வதுதான் சரி. விடியற்காலையில் எடுப்பார்கள்.

அதனால்தான் டிசம்பர் மக்ரூனுக்குச் சோதனையான மாதம். விற்பனை எல்லாம் அப்போதுதான், வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான். காற்றில் ஈரம் ஏறினால் எவ்வளவு காய்ந்த மக்ரூனும் அரை மணி நேரத்தில் பிசுபிசுத்துவிடும். மழை பெய்கிற நாளில் போனால் "இன்னைக்கு வேண்டாம், நாளைக்கு வாங்க" என்று விற்க மறுக்கிறார். இப்படி ஒரு வியாபாரியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சரி, ருசிக்கு வருகிறேன். நல்ல மக்ரூன் பல்லில் படும்போது முதலில் எதிர்ப்புக் காட்டக்கூடாது. தொட்டதும் மேல்தோல் நொறுங்க வேண்டும், உள்ளே ஒரு கணம் மிட்டாய் மாதிரி இழுபட வேண்டும், அப்புறம் காணாமல் போய்விட வேண்டும். நாக்கில் மிஞ்சுவது முந்திரிப் பொடி மட்டும். அதை மெல்லவும் வேண்டும். மெல்லும்போதுதான் இனிப்புக்குள் ஒளிந்திருந்த முந்திரிப் பால் வருகிறது. ஊரில் வேறு சில கடைகளில் வாங்கினால் உள்ளே கூடாக இருக்கும், அல்லது சீனி முன்னால் வந்து நிற்கும். இங்கே முந்திரிக்குத்தான் முதல் மரியாதை.

ஆனால் நான் உங்களை வாங்கச் சொல்வது முழு மக்ரூன் அல்ல. உடைசல்.

தகட்டிலிருந்து எடுக்கும்போது சிலதுக்கு மூக்கு உடையும், சிலது நடுவில் பிளக்கும். இதையெல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் தட்டி வைத்திருப்பார்கள். கண்ணாடி அலமாரியில் இருக்காது, கேட்டால்தான் எடுப்பார்கள். முழுசு அரை கிலோ 500 ரூபாய், உடைசல் அரை கிலோ 260. பாதி விலைக்குக் கிடைக்கிறது என்பதற்காகச் சொல்லவில்லை. அடுப்பின் ஓரத்தில் சூடு அதிகம் பட்டு நன்றாகக் காய்ந்ததுதான் முதலில் உடைகிறது. ஆகவே உடைசல் டின்னில் இருப்பது அன்றைய தகட்டில் மொறுமொறுப்பானது. இதை நான் கண்டுபிடித்துச் சொன்னபோது கடைக்காரர் ஒத்துக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. சிரித்துக்கொண்டே எடைக்கல்லைத் துடைத்தார்.

என் மனைவிக்கு இதில் உடன்பாடு கிடையாது. "பென்ஷன் வாங்குற மனுசன் முழுசா வாங்க வக்கில்லாத மாதிரி" என்பாள். கிறிஸ்துமஸ் அன்று வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தட்டில் உடைசலை எப்படி நீட்டுவது என்று கேட்டால் பதில் இல்லைதான். அதனால் எங்கள் வீட்டில் ஓர் ஒப்பந்தம்: கால் கிலோ முழுசு தட்டுக்கு, அரை கிலோ உடைசல் எனக்கு. கடைசியில் என் டப்பாவில் அவள் கையும் போகும். அதை நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டேன்.

நான் உடைசலிலேயே வளர்ந்தவன். அப்பாவுக்கு ஹார்பரில் மூட்டை தூக்குகிற வேலை, வீட்டில் ஆறு பிள்ளைகள். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் அம்மா பனையோலைக் கொட்டானை எடுத்துக்கொண்டு பேக்கரிக்குப் போவாள். கொட்டானின் அடியில் தாள் விரித்து, நாலணாவுக்கோ எட்டணாவுக்கோ தூள் வாங்கி வருவாள். நாங்கள் வரிசையாக உட்கார்ந்து உள்ளங்கையை நீட்ட, ஆளுக்கு ஒரு கரண்டி. நக்கித்தான் தின்போம். மக்ரூன் என்றால் ஒரு பொடி என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்பது வயதில் அப்பாவின் மேஸ்திரி வீட்டுக்குப் பண்டிகை பார்க்கப் போனபோதுதான் தட்டில் முழு மக்ரூனைப் பார்த்தேன். "இதுக்கு ஏன் மூக்கு இருக்கு?" என்று கேட்டுவிட்டேன். மேஸ்திரி வீட்டம்மா சிரித்த சிரிப்பில் அப்பாவின் முகம் போன போக்கு இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது. திரும்பி வரும் வழியில் அவர் ஒன்றும் திட்டவில்லை. பேக்கரி வாசலில் சைக்கிளை நிறுத்தி, எண்ணி ஆறு முழு மக்ரூன் வாங்கினார். வீட்டுக்கு வந்ததும் என் தம்பி அவனுடையதை உள்ளங்கையில் வைத்து நசுக்கி, பொடியாக்கி நக்கினான். அவனுக்கு அதுதான் மக்ரூன்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு மக்ரூன் என்னை ராத்திரியில் துரத்த ஆரம்பித்தது. பார்சல் பைகளை அடுக்கும்போது எந்த ஊர்ப் பை என்று லேபிளைப் பார்க்காமல் சொல்கிற பழைய ஆட்கள் எங்கள் செட்டில் இருந்தார்கள். சாத்தூர் என்றால் காராச்சேவு, கோவில்பட்டி என்றால் கடலை மிட்டாய், டிசம்பரில் தூத்துக்குடிப் பையைத் தூக்கினால் வறுத்த முந்திரி. கடிதம் பிரிக்கிறவர்களுக்குத் தலைவரான எங்கள் ஹெட் சார்ட்டர் சுத்த சைவம். நான் வீட்டிலிருந்து கொண்டுபோகிற டப்பாவை நீட்டினால் முழு மக்ரூனைத் தொடவே மாட்டார், முட்டை ஆயிற்றே. வண்டி ஆடுகிற ஆட்டத்தில் மணியாச்சி வருவதற்குள் டப்பாவில் பாதி தூளாகியிருக்கும். "இது தூள்தானப்பா" என்று ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொள்வார். கடம்பூரில் இன்னொரு சிட்டிகை. மதுரை போய்ச் சேரும்போது தூள் எல்லாம் அவர் கணக்கில்.

டிசம்பர் 15 தாண்டிவிட்டால் வாழ்த்து அட்டை மூட்டை மூட்டையாக வரும். கிறிஸ்துமஸ் முடிந்தால் புத்தாண்டு, அது முடிந்தால் பொங்கல், ஒரு மாதத்துக்கு மூச்சுவிட முடியாது. உறையை ஒட்டாமல் மடித்துச் செருகி மேலே 'புக் போஸ்ட்' என்று எழுதினால் அப்போது தபால்தலைச் செலவு குறைவு. மக்கள் அதைத்தான் செய்வார்கள். எங்களுக்கு அதுதான் வினை. ஒட்டாத உறையிலிருந்து அட்டை நழுவி விழும், எந்த உறைக்கு எந்த அட்டை என்று தேட வேண்டும். 627 திருநெல்வேலி, 628 தூத்துக்குடி, 629 கன்னியாகுமரி என்று பின்கோடு பார்த்து அறைக்குள் எறிந்துகொண்டே போனால், அட்டையில் ஒட்டியிருக்கிற ஜிகினா எல்லாம் கையில் ஏறும். அந்த அட்டைகளில் எல்லாம் பனி. பனி விழுகிற ஊர், பனி மூடிய கோவில், பனி வண்டி. நாங்கள் கும்பிடுகிற மாதாவும் பனிமய மாதா. உப்பளத்தைத் தவிர வெள்ளையாக எதுவும் கிடக்காத ஊருக்கு எங்கிருந்தோ இவ்வளவு பனி.

24ஆம் தேதி ராத்திரி மாதா கோவிலில் பூசைக்கு மணி அடிக்கிற நேரம் நான் மதுரை ஜங்ஷனில் பை எண்ணிக்கொண்டிருப்பேன். எத்தனை வருடம் அப்படிப் போயிற்று என்று கணக்கு வைக்கவில்லை. செட்டில் இருந்த மற்றவர்கள் டூட்டியை மாற்றிக்கொள்ளத் தயார்தான். ஆனால் அவர்கள் தீபாவளிக்கு நான் மாற்றிக்கொள்ள வேண்டும், அப்போதும் ஏதாவது ஒரு தடங்கல் வந்துவிடும். 25ஆம் தேதி காலையில் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினால் மகள்தான் திறப்பாள். என் தலையிலும் மீசையிலும் ஜிகினா மின்னும். "அப்பா நட்சத்திரம் மாதிரி வந்திருக்காங்க" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடுவாள். குளிக்கப் போவதற்கு முன்னால் அவள் எதிரே தலையைச் சிலுப்பிக் காட்ட வேண்டும், அது அவளுக்கு வருடாவருடம் வேண்டும். செல்போன் வந்தது, எஸ்.எம்.எஸ். வந்தது, அட்டைகள் குறைந்தன. நான் ஓய்வு பெற்ற வருடம் டிசம்பரில் சும்மா ஒரு நாள் ஆபீசுக்குப் போய்ப் பார்த்தேன். பெரும்பாலும் பேங்க் கவர்கள்தான். யார் கையிலும் ஜிகினா இல்லை.

அந்த மகள் இப்போது பெங்களூரில் இருக்கிறாள். போன வருடம் அவளுக்கு ஒரு கிலோ முழு மக்ரூன் அனுப்பலாம் என்று கிளம்பினேன். நான் தபால்காரன், ஆனாலும் சீக்கிரம் போய்ச் சேரட்டும் என்று ஒரு தனியார் கூரியரில் கொடுத்தேன். அதற்கு என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். அட்டைப் பெட்டி, உள்ளே தகர டப்பா, இடைவெளியில் எல்லாம் பஞ்சு, மேலே 'உடையும் பொருள்' என்று மூன்று பக்கமும் எழுதினேன். ஆறாவது நாள் போய்ச் சேர்ந்தது. மகள் வீடியோ காலில் டப்பாவைத் திறந்து கேமரா முன்னால் காட்டினாள். ஒன்றுகூட மிச்சமில்லை, அத்தனையும் பொடி. நான் கொதித்துப்போய்ப் பேச ஆரம்பிக்க, அவள் ஒரு கரண்டி எடுத்து உள்ளங்கையில் போட்டு நக்கினாள். அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று தெரியவில்லை, நான் சொன்னதில்லை. மருமகன் மிச்சத்தைப் பாலில் கலந்து காய்ச்சிக் குடித்தாராம். நன்றாக இருந்ததாம். இந்த வருடம் நேராக உடைசலையே அனுப்பப் போகிறேன், ஸ்பீட் போஸ்டில்.

மற்ற சரக்குகளைப் பற்றி இரண்டு வார்த்தை. மஞ்சள் கரு இத்தனை மிஞ்சுகிறதே, அது எங்கே போகிறது என்று நினைத்திருப்பீர்கள். பட்டர் கேக்குக்குப் போகிறது. கலர் பொடி போடாமலே இங்கே பட்டர் கேக் செவ்வந்திப்பூ நிறத்தில் இருக்க அதுதான் காரணம். கனமானது, ஒரு துண்டுக்கு மேல் முடியாது, அந்த ஒரு துண்டு போதும். பிளம் கேக்கை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சீனியைக் கருக்கியது கொஞ்சம் கூடிவிடுகிறது, அடிநாக்கில் கசக்கிறது. உலர்ந்த திராட்சையைவிட டூட்டி ஃப்ரூட்டிதான் எண்ணிக்கையில் அதிகம். கடைக்காரரிடமே சொன்னேன், "சனங்க அதைத்தான் கேக்காங்க" என்றார். காலைப் பன் அருமை, எட்டு மணிக்குள் தீர்ந்துவிடும்.

குறை என்றால் இருக்கிறது. கடையில் நிற்க இடம் கிடையாது, டிசம்பர் 20க்கு மேல் வரிசை தெருவில் போய் நிற்கும், ஆட்டோக்காரர்களோடு தகராறு. காகிதப் பணம்தான் வாங்குவார். சுவரில் கியூ.ஆர். அட்டை ஒட்டியிருக்கிறது, ஆனால் "போன் மக கையில இருக்கு" என்பார், மகள் காலேஜில் இருப்பாள். பில் கேட்டால் சீனி மூட்டைத் தாளில் பென்சிலால் எழுதித் தருவார். பெட்டியும் சரியில்லை, மெல்லிய அட்டை, கயிறு கட்டும்போதே ஒரு பக்கம் அமுங்கிவிடும். மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பா ஒன்றை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். அதையும் முந்தின நாளே கழுவி வெயிலில் காயவைத்துவிடுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் அவர் சரக்கைப் போட மாட்டார், துணியால் துடைத்துவிட்டு முகர்ந்து வேறு பார்ப்பார்.

2023 டிசம்பரை இந்த ஊர்க்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். 17, 18 தேதிகளில் கொட்டியதே ஒரு மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர், நாலு நாள் வடியவில்லை. இந்த பேக்கரிக்குள்ளும் தண்ணீர் புகுந்து அடுப்பின் வாய்வரை நின்றது. அடுப்பு நனைந்தால் உடனே தீ மூட்டக் கூடாதாம், வெடித்துவிடும். சின்னச் சின்னதாகச் சுள்ளி வைத்து நாள்கணக்கில் காயவைக்க வேண்டுமாம். அந்தக் கிறிஸ்துமஸுக்கு மக்ரூன் இல்லை. 24ஆம் தேதி நாலு மணிக்குப் பழக்க தோஷத்தில் நான் கடைக்குப் போனேன். அவர் சேறு வழித்துக்கொண்டிருந்தார். முக்காலி மிதந்து போய்விட்டது என்றார். அடுப்புக்குள் கையை விட்டுப் பார்க்கச் சொன்னார். இளஞ்சூடாக இருந்தது, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி. கொஞ்ச நேரம் இருவரும் அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்திருந்தோம். இப்போது நான் உட்காருகிற முக்காலி அதற்குப் பிறகு வாங்கியது, ஒரு கால் குட்டை.

இந்த வருடம் போக நினைப்பவர்களுக்கு: 22ஆம் தேதிக்குள் போய்விடுங்கள். அதற்கு மேல் ஆளுக்குக் கால் கிலோதான். 24ஆம் தேதி மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கதவை அடைத்துவிடுவார், ஞாயிற்றுக்கிழமையும் கடை கிடையாது. மழை இருந்தால் போகவே வேண்டாம். உடைசல் வேண்டுமென்றால் காலை ஏழு மணிக்குப் போய்க் கேளுங்கள், மெதுவாகக் கேளுங்கள், பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்க வேண்டாம்.

நான் நேற்றுப் போனேன். எனக்கு ஒரு அதிர்ச்சி காத்திருந்தது. பழைய தகடுகளை எல்லாம் மாற்றிவிட்டாராம், ஒட்டாத தகடு, தாளும் புதுத் தாள். தட்டினால் மக்ரூன் தானாக எழுந்து வருகிறது. பெருமையாக எடுத்துக் காட்டினார். பிஸ்கட் டின்னைத் திறந்து எடை போட்டால் கால் கிலோகூடத் தேறவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை, முகம் சொல்லியிருக்க வேண்டும்.

"வேணும்னா நான் உடைச்சுத் தாரேன் அண்ணாச்சி" என்றார்.

"என்ன விலைக்கு?"

"உடைக்கிறதுக்கு முந்தி என்ன விலையோ, அதுதான்."

டின்னில் இருந்ததை வழித்து வாங்கிக்கொண்டு வந்தேன். பழைய தகட்டில் இரண்டை இன்னும் எடைக்குப் போடாமல் பின்கட்டில் சாத்தி வைத்திருக்கிறார், பார்த்துவிட்டேன். நாளைக்கு நாலு மணிக்குப் போய் அதைப் பற்றிப் பேச வேண்டும்.